அண்ணிக்கு, எங்கள் வீட்டு நெஞ்சைப் பற்றி

அண்ணி,

இன்று காலை கோயமுத்தூரில் எக்கோ எடுக்கிற அறையில் படுத்திருந்தேன். அந்தப் பெண் நெஞ்சில் பசையைத் தடவியதும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஊட்டி மார்கழி தோற்றது போங்கள். இத்தனை வருஷமாகத் தடவுகிறார்கள், அந்தப் பசையைக் கொஞ்சம் சூடுபண்ணித் தடவ இன்னும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முடிந்ததும் அவள் காகிதத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். நீங்கள் பழக்கிவிட்டதுதான். "காயிதத்துல தொடைச்சா பிசுபிசுப்புப் போகாது அம்மிணி. சேலைல தொடை, ஊட்டுக்குப் போயி தொவைச்சுக்கலாம்" என்று முதல் தடவை இதே ஊரில் என் நெஞ்சைத் துடைத்துவிட்டது உங்கள் கை.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்குதுங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உக்காந்து கேக்க நேரமிருக்குதா கண்ணு?" என்றேன். வெளியே வரிசை நின்றது, பாவம், அவளுக்கு எங்கே நேரம். அவளிடம் சொல்லாததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். தெரிந்த கதைதானே என்று சொல்லாதீர்கள். உங்கள் பெருமையை உங்கள் முன்னால் பேசினால் "வேலையப் பாரு போ" என்று விரட்டுவீர்கள். இப்போது விரட்ட முடியாதல்லவா, கேளுங்கள்.

நம் வீட்டு ஆண்களுக்கு மூச்சு இளைப்பதை யாரும் நோயென்று நினைத்ததில்லை. நம் ஊர் கட்டபெட்டில் வீட்டைவிட்டு ரோட்டுக்கு வருவது ஏற்றம், தேயிலைத் தோட்டத்துக்குப் போவது இறக்கம், இலை மூட்டையோடு திரும்புவது மறுபடி ஏற்றம். இளைக்காதவன் யார்? அப்பா பாதிப் படியில் நின்று பீடி பற்றவைப்பார். பீடிக்காக நிற்கிறார் என்றே நினைத்திருந்தோம். மூச்சுக்காக நின்றவர், வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பீடியைப் பற்றவைத்திருக்கிறார். சித்தப்பா ஒரு நாள் மூட்டையோடு சரிவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குளிர் நெஞ்சில் ஏறிவிட்டது என்றார்கள். அப்பா போனபோதும் அதையே சொன்னார்கள். மலையில் பிறந்தால் மலைக்கு வாடகை கொடுக்க வேண்டும் என்று பெரியப்பா ஒரு தத்துவமே வைத்திருந்தார்.

கோபிப் பக்கத்திலிருந்து, வயல்வெளியிலிருந்து, நீங்கள் மருமகளாக வந்தீர்கள். முதல் வாரம் நாலு படி ஏறினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நாங்கள் கேலி செய்தோம். ஒரு மாதம் போவதற்குள் தலையில் கூடையோடு என்னை முந்திக்கொண்டு ஏறினீர்கள். அப்போதுதான், அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

"ஏன் அம்மிணி, நானு கீழ இருந்து வந்தவ. எனக்கே மூச்சு பழகிப்போச்சு. இங்கயே பொறந்து வளந்த உன்ற அண்ணனுக்கு ஏன் இன்னும் பழகல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோம்பேறி, அண்ணி" என்றேன். அண்ணன் உள்ளே இருந்து செருப்பைத் தூக்கி எறிந்தான். மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கேள்வியை நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை.

பிறகு தேயிலைக்குக் கேடுகாலம் வந்தது. பச்சை இலை விற்கிற விலை பறிக்கிற கூலிக்குக் காணவில்லை. ஃபேக்டரிக்காரர்கள் இன்றைக்கு இலை வேண்டாம், நாளைக்கு வா என்றார்கள். பறிக்காமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகின. நெஞ்சு உயரத்தில் மேசை மாதிரி இருந்த தோட்டத்துக்குள் ஆளைத் தேட வேண்டியதாயிற்று. கட்டபெட்டு, கோத்தகிரி ஆண்கள் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் கீழே போனார்கள். அண்ணனும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனான். எனக்கு அப்போது அருவங்காட்டில் குடித்தனம். வீட்டுக்காரருக்கு அங்கே வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், குவாட்டர்ஸ். நம் ஊரில் என்னை ஏதோ ராணி மாதிரி பார்த்தார்கள்.

திருப்பூரிலிருந்து அண்ணன் போன் செய்வான். "அம்மிணி, இங்க எனக்கு மூச்சே இளைக்கறதில்ல. எல்லாம் அந்த மலையோட வேலை" என்பான். பெரியப்பா ஊர் முழுக்கப் பறைசாற்றிவிட்டார், நம் வம்சத்துக்கு ஆகாதது மலைதான், கீழே இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை என்று. நாங்களும் நம்பினோம். இலை விலை விழுந்ததும் ஒரு நல்லதுக்குத்தான் என்று நீலகிரியிலேயே சொல்லிக்கொண்ட ஒரே குடும்பம் நம் குடும்பமாகத்தான் இருக்கும். ஏற்றம் இல்லாத ஊரில் இளைப்பு தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ளும் புத்தி ஒருத்தருக்கும் வரவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வரக் கிளம்பியவன், நகரத் தொடங்கிய பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். திருப்பூர் பஸ் நிலையத்தில், ஒரு மேடு பள்ளம் இல்லாத சமதரையில், விழுந்தான். அவ்வளவுதான்.

உடலை வாங்கப் போன உங்களிடம் அங்கிருந்த டாக்டரம்மா சொன்னதை நீங்கள் பஸ்ஸிலும் ஜீப்பிலும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே மலையேறி வந்திருக்கிறீர்கள். மறந்துவிடக் கூடாதென்று. "இதயத்தோட தசை தடிச்சிருக்குங்க. ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கற சுவரு வீங்கிப்போயிருக்கு. இது மலையால வர்றதில்ல, பரம்பரையா வர்றது. அவரோட ரத்த சொந்தம் எல்லாரையும் ஒரு தடவை நெஞ்சைக் காட்டச் சொல்லுங்க." அழுவதற்கு நேரம் வேண்டாமா அண்ணி உங்களுக்கு? அழுதுகொண்டேதான் அதையும் சுமந்து வந்தீர்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. பந்தல் நிறையப் பங்காளிகள். அன்றைக்கு நீங்கள் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர். எழுந்து வாசலுக்கு வந்தீர்கள். பெரியப்பாவின் முன்னால் நின்று, "மாமா, நம்ம சொந்தம் அத்தன பேரும் கோயமுத்தூர் போயி நெஞ்சக் காட்டோணுமுங்க" என்றீர்கள். "இன்னைக்குப் பேசற பேச்சா இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "இன்னைக்குத்தானுங்க எல்லாரும் ஒட்டுக்கா இருக்கறீங்க. நாளைக்கு எங்க போயித் தேடறது?" என்றீர்கள்.

பெரியப்பா கோபக்காரர், ஆனால் பயந்தவர். ஒரு தம்பி போய், இன்னொரு தம்பியும் போய், இப்போது தம்பி மகனும் போயாயிற்று. கொஞ்ச நேரம் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். "சரி. தீட்டுக் காத்த பங்காளி அத்தன பேரும் போவோம். ஜீப்பு சொல்லுங்கடா."

தீட்டுக் காத்தவர்கள் என்றால் யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆண்களும், அவர்கள் பிள்ளைகளும், வீட்டுக்கு வந்த மருமகள்களும். கட்டிக்கொடுத்த பெண்கள் அதில் இல்லை. எனக்கு மூன்று நாளோடு தீட்டு முடிந்தது, நான் அருவங்காட்டுக்காரி, வேறு குலம். எனவே ஜீப் வந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"அம்மிணி, நீயும் ஏறு. புள்ளையயும் கூட்டிக்கோ."

பெரியப்பா குறுக்கே வந்தார். "அவ எதுக்கு? அவ கட்டிக்குடுத்த பொண்ணு. அவளுக்குத்தான் மூணு நாள்லயே தீட்டுப் போச்சல்ல?"

அப்போது நீங்கள் சொன்னதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "தீட்டுப் போச்சுங்க மாமா. ரத்தமுமா போச்சு? நானு பதினாறு நாளும் தீட்டுக் காத்தனுங்க. என்ற ஒடம்புல உங்க ரத்தம் ஒரு சொட்டு இல்ல. அப்ப யாரு ஏறோணும் ஜீப்புல?"

பெரியப்பா ஜீப்பை விட்டு ஒதுங்கி நின்றார். நான் ஈரக் கையோடு ஏறினேன்.

அன்றைக்கு மட்டும் நீங்கள் என்னை இழுக்காமல் விட்டிருந்தால், இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. வீட்டில் ஆண்களைத்தான் இந்த நோய் பிடிக்கும் என்று நினைத்திருந்தோமே, மூட்டை தூக்கியவர்கள் அவர்கள் என்பதால் முதலில் விழுந்தார்கள், அவ்வளவுதான். எக்கோவில் சுவர் தடித்திருந்தது எனக்கு. என் மகளுக்கும் லேசாக. உங்கள் மகனுக்கும். பெரியப்பாவுக்கு ஒன்றுமே இல்லை! "என்ற நெஞ்சு சுத்தம்" என்று அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து வந்தபோது, "நெஞ்சு சுத்தந்தானுங்க மாமா, வாயிக்கு எங்க போயிக் காட்டறது?" என்று நீங்கள் கேட்டதில் ஆஸ்பத்திரி வராந்தாவே சிரித்தது. துக்க வீட்டுக்காரர்கள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதயத் தசையைக் கட்டுகிற புரதம் ஒன்று, அதற்கான மரபணுவில் ஒரு பழுது என்று கோயமுத்தூர் டாக்டர் விளக்கினார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு. ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. பழுது இருந்தும் சிலருக்கு வயதாகும்வரை ஒன்றுமே தெரியாது. பங்காளிகளுக்கு இது ஏறவில்லை. நீங்கள்தான் ஏற்றினீர்கள். "நர்சரியில ஒரே தாய்ச்செடியில குச்சி வெட்டி நட்டா அத்தனையும் ஒரே மாதிரி வருது. நம்ம பாட்டன் காலத்துத் தேயில விதை போட்டது. ஒண்ணு தாய் மாதிரி இருக்கும், பக்கத்துச் செடி வேற மாதிரி இருக்கும். நாமெல்லாம் வெதைத் தேயிலதான், பாத்தாத்தான் தெரியும்." அடுத்த ஜீப்புக்கு நீங்கள் கூப்பிடாமலே ஆள் வந்தது.

இதெல்லாம் எனக்குப் பெருமை. ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

என் மகள் உங்கள் மகனுக்கு என்பது தொட்டிலிலேயே பேசி முடித்தது. அவளை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "மருமவளே" என்றுதான். அந்த முதல் எக்கோவுக்கு இரண்டு வருஷம் கழித்து டாக்டர் எல்லோருடைய ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு பேருக்கும் அதே பழுது. ஒருத்தருக்குத் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ ஒருபக்கம் மட்டும் இருந்தால் மாத்திரையிலும் கவனத்திலும் நன்றாகவே வாழலாம், ஆனால் இவர்கள் இருவரும் கட்டிக்கொண்டால் குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வரக்கூடும், அப்படி வந்தால் அந்தப் பிஞ்சு இதயம் தாங்குவது கஷ்டம் என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து குன்னூரில் இறங்கும்போது சொன்னீர்கள், "இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மிணி."

எனக்கு வந்ததே கோபம்! ஊரில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, இலைக்கு விலை போனதும் அருவங்காட்டுக்காரி அண்ணன் மகனைக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்று. நானோ அந்தப் பேச்சை மிதித்துவிட்டு, தோட்டம் காடானாலும் என் மகள் அங்கேதான் வாழப்போவாள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நீங்களே வேண்டாம் என்கிறீர்கள். "என்ற மகள்ல என்ன கொறை கண்டீங்க?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கத்தினேன். நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். "கொறை இருந்தா நானு ஏன் அழுவறேன்? எனக்கு அவதான் வேணும். ஆனா அவ வயித்துல வர்றது நெலைக்கோணுமே. உன்ற அண்ணனக் குழிக்குள்ள எறக்கிப் பாத்துட்டேன். ஒரு சின்ன உசுர என்னால எறக்க முடியாது அம்மிணி."

பிள்ளைகளை நான் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள்தான் அவளைத் தனியாகத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்க் கேட்டீர்கள். "ஆசை இருந்துச்சுங்கத்தை" என்றாளாம். இரண்டு பேரும் அந்தப் பறிக்காத செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து காபி கேட்டீர்கள். உங்கள் மகன் உங்களோடு ரொம்ப நாள் பேசவில்லை. அதையும் தாங்கினீர்கள்.

என் மகளுக்கு வெளியே மாப்பிள்ளை பார்க்க வேண்டுமென்றால் முறைக்காரர்கள் சம்மதம் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் சொந்தத்தையெல்லாம் எங்கள் குவாட்டர்ஸுக்கு வரவழைத்துவிட்டு, பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்தீர்கள். பரிசம் போடத்தான் வருகிறீர்கள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். தட்டை என் மகள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று பேசினீர்கள்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. இவள என்ற பையனுக்கு எடுக்கோணும்னு ஆசப்பட்டதும் நானு, வேண்டாங்கறதும் நானு. என்ற நாத்தனா மேல ஒரு சொல்லு வரக்கூடாது. இலை வெலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ரெண்டு பேரு நெஞ்சுலயும் ஒரே பழுது. அது ரெண்டு பக்கமும் சேந்தா கொழந்தைக்கு ஆகாது. மொறைய விட்டுக் குடுக்கறம். மாமன் சீரை நாங்க கொறையில்லாம செய்யறம்."

"இப்பிடி ஊரறியச் சொன்னா இந்தப் புள்ளைய எவன் கட்டுவான்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"தெரிஞ்சு கட்டறவன் கட்டட்டுங்க. தெரியாம கட்டறவன் நமக்கு எதுக்கு?"

மூன்று நாலு வரன்கள் வந்த வழியே திரும்பின. உண்மைதான். பிறகு ஊட்டியில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திரைய மறக்காமப் போட்டுக்குவீங்களா, நானு ஞாபகப்படுத்தோணுமா?" என்று மட்டும் கேட்டானாம். மணவறையில் மாமன் இடத்தில் உங்கள் மகன் நின்று சீர் கொடுத்தான். அன்றைக்குத்தான் அவன் மறுபடி உங்களை "அம்மா" என்று கூப்பிட்டான். நீங்கள் சமையல்கட்டுக்கு ஓடிவிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வருஷமே நான் குன்னூர் மார்க்கெட்டில் மயங்கி விழுந்தேன். தோள்பட்டைக்குக் கீழே மெஷின் வைத்தார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடினால் உள்ளேயே அதிர்ச்சி கொடுத்து நிறுத்துகிற மெஷின். ஒரே ஒரு தடவை அடித்தது. கழுதை உதைத்த மாதிரி இருந்தது. "உன்ற அண்ணன் செருப்ப எறிஞ்சு எழுப்புனான்னு நெனச்சுக்க" என்றீர்கள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல இன்று ஒரு சேதி உண்டு. மயங்கிய பிறகு தருகிற வைத்தியம் மட்டுமல்ல, தசை அளவுக்கு மீறி இறுகுவதையே தளர்த்துகிற மாத்திரை இப்போது வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாதாம், உங்கள் மகனுக்குப் பொருந்தியது. படியேறும்போது பாதியில் நிற்பதில்லை இப்போது. பழுதான மரபணுவையே சரிசெய்கிற வைத்தியமும் ஆராய்ச்சியில் இருக்கிறது, இன்னும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். வருஷா வருஷம் நீங்கள் கேட்பீர்களே, "அந்த மருந்து எப்பங்க வரும்?" என்று. இன்று நான் கேட்டேன். "கேட்டுட்டே இருங்கம்மா" என்றார். கேட்டுக்கொண்டே இருப்போம்.

கல்யாண வீட்டில், காதுகுத்தில், எங்கே சொந்தக்காரர்களைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்பதற்கு முன்னால் "நெஞ்சக் காட்டிட்டீங்களா" என்பீர்கள். எக்கோக்காரி வருகிறாள் என்று பயல்கள் தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள். ஒளிந்தவர்கள் எல்லோரும் இன்று தலை நரைத்து உயிரோடு இருக்கிறார்கள், அண்ணி.

போன தையில் நீங்கள் போனீர்கள். வேறு நோய்தான், நெஞ்சில்லை. கடைசி வரை உங்கள் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கருமாதிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் வேன் வந்து நின்றது. அது இப்போது நம் வீட்டுச் சடங்காகவே ஆகிவிட்டது. கூடின சொந்தத்தில் இன்னும் பார்க்காத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போகும். மகன் வயிற்றுப் பிள்ளை, மகள் வயிற்றுப் பிள்ளை என்று யாரும் பிரிப்பதில்லை. என் பேத்தியும் பேரனும் ஏறினார்கள். அவளுக்குப் பழுது இருக்கிறது, அவனுக்கு இல்லை. வெதைத் தேயில. சுவர் இன்னும் தடிக்கவில்லை, வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். பசை குளிர்கிறது என்று அவள் கத்தினாள். என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களை எடுத்த மூன்றாம் நாள் பெரியப்பா மகன் வந்து, "அக்கா, உங்களுக்குத் தீட்டு முடிஞ்சுது. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு அருவங்காட்டுக்குக் கெளம்புங்க" என்றான்.

நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. "எனக்கும் அண்ணிக்கும் ஒரு சொட்டு ரத்தம் கெடையாது சாமி" என்றேன். "அவங்க இருந்தாப்பல பதினாறு நாளும் இருப்பேன்."

இருந்தேன், அண்ணி.